ஒரு நாளில் ஒரு மாநகர்

நுழையும்முன்

வழி தெரியாதவருக்கு வழி சொல்வதையே பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையைப் படைத்த மொழி தமிழ். பரிசில் பெற்று மீளும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞரை வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படை எனப்பட்டது. இன்று அப்பணி சுற்றுலா வழிகாட்டுதல் என்னும் தொழிலாக வளர்ந்துள்ளது. விடியலில் வந்து இரவில் திரும்பும் விருந்தினருக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய ஒரு நகரைக் காட்டுவது எவ்வாறு? மதுரை மாநகரைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

ஒரு நாளின் பொறுப்பு

மதுரைச் சந்திப்பில் விடியற்காலையில் தொடர்வண்டிகள் வந்து நிற்கின்றன. இறங்குவோருள் சிலர் இந்நகரத்தவர். சிலர் அலுவலுக்காக வருவோர். சிலர் மதுரையை முதன்முறையாகக் காண வருவோர். மூன்றாம் வகையினருள் பலரிடம் இருப்பது ஒரே ஒரு பகல். அன்றிரவே வேறு ஊருக்குப் புறப்பட வேண்டியவர்கள் அவர்கள். மீண்டும் இந்நகருக்கு வரும் வாய்ப்பு அவர்களுள் பலருக்குக் கிட்டாமலே போகலாம்.

அந்த ஒரு பகலில் அவர்கள் காண்பதும் கேட்பதுமே அவர்களைப் பொறுத்தவரை மதுரை. வழிகாட்டுபவர் ஒரு செய்தியைத் தவறாகச் சொன்னால் அத்தவறு அவர்களோடு ஊர் திரும்பும். அங்கே பலருக்கும் பரவும். கூட்டத்திலும் வெயிலிலும் அலைக்கழிக்கப்பட்டால் களைப்பே நகரின் நினைவாக எஞ்சும். ஒரு நாளை வகுத்துத் தருபவர் விருந்தினருக்கும் நகருக்கும் ஒருங்கே பொறுப்பாகிறார்.

முன்னோர் வகுத்த நெறி

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் கூத்தராற்றுப்படை என வழங்கும் மலைபடுகடாம், வழிகாட்டுவோருக்குச் சிறந்த பாடமாக அமைகிறது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தரிடம் வள்ளலின் பெருமையை மட்டும் அந்நூல் கூறவில்லை. காட்டுப்பன்றிகளுக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, வழுக்கும் பாறைகள் எவை, பாம்புகள் உறையும் இடங்கள் எவை என்பனவற்றையும் எச்சரிக்கிறது. எவ்வூரில் எத்தகைய உணவு கிடைக்கும், அங்குள்ளோர் எவ்வாறு வரவேற்பர் என்பனவும் அதில் உண்டு. சிறப்பையும் இடரையும் சேர்த்துச் சொல்வதே வழிகாட்டல் என்பது அந்நூல் உணர்த்தும் நெறி.

மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி மற்றொரு நெறியைக் காட்டுகிறது. பத்துப்பாட்டுள் மிக நீண்ட இந்நூல் 782 அடிகளை உடையது. இதில் மதுரை நகரம் பொழுதுகளின் வரிசையில் விரிகிறது. பகலில் நாளங்காடியின் ஆரவாரம், மாலையில் அல்லங்காடி, இரவின் யாமங்கள், பின்னர் விடியல் எனக் காட்சிகள் தொடர்கின்றன. எந்தப் பொழுதில் நகரின் எந்த முகம் தெரியும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். ஒரு நாள் பயணத்தை வகுப்பவரும் அறிய வேண்டியது இதுவே.

மூன்றாவதாகச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைக் கூறலாம். கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் புறஞ்சேரியில் விட்டுவிட்டுக் கோவலன் தனியே மதுரையைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறான். மணிகளும் பொன்னும் ஆடையும் கூலமும் விற்கும் வீதிகள் அவன் பார்வையில் விரிவாக இடம்பெறுகின்றன. அவன் வணிகர் குடியில் பிறந்தவன். நகரைக் காண்பவர் தம் வாழ்வும் தொழிலும் பழக்கிய கண்களாலேயே அதனைக் காண்கிறார் என்பதை இக்காட்சி நினைவூட்டுகிறது.

விருந்தினரை அறிதல்

விருந்தினர் யார் என்பதை அறிவது வழிகாட்டியின் முதற்பணி. முதியோர் உளரா, கைக்குழந்தைகள் உளரா, நெடுந்தொலைவு நடக்க இயலாதவர் உளரா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். வழிபாட்டுக்காக வருபவரின் நாளும் சிற்பக்கலை பயில்பவரின் நாளும் ஒன்றாக இருக்க இயலாது. கட்டடப் பொறியாளருக்கு அரண்மனையின் வளைவுகள் வியப்பளிக்கலாம். அவருடன் வந்த சிறுமிக்குக் குளத்தின் நடுவிலுள்ள மண்டபமே போதுமானதாக இருக்கலாம்.

கேட்டறிவதில் நாகரிகம் தேவை. உணவுப் பழக்கம், உடல்நலம், சமயம் ஆகியவற்றைப் பற்றிப் பலர் முன்னிலையில் கேட்பது முறையன்று. தனியே, தேவையான அளவு மட்டும் கேட்டல் வேண்டும். மீனாட்சியம்மன் கோவிலின் கருவறைப் பகுதிகளுக்குள் பிற சமயத்தார் செல்ல இசைவில்லை. இதனை வாயிலில் நிறுத்திச் சொன்னால் விருந்தினர் மனம் வருந்தும். முந்தைய நாளே சொல்லி, அவர்கள் பார்க்கக்கூடிய பகுதிகள் எவை என்பதையும் விளக்கிவிட்டால் கோவிலின் மரபும் விருந்தினரின் மதிப்பும் ஒருசேரக் காக்கப்படும்.

தேர்தலும் விடுத்தலும்

மதுரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காணத்தக்கவை மிகப் பல. வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அழகர்கோவில் உள்ளது. தென்மேற்கே திருப்பரங்குன்றம், மேற்கே கீழக்குயில்குடியின் சமணர்மலை, தென்கிழக்கே கீழடி ஆகியன அமைந்துள்ளன. கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தமிழி எழுத்துகள் பொறித்த பானையோடுகளை அங்குக் காணலாம்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் காட்ட முனைந்தால் விருந்தினர் நாளின் பெரும்பகுதியை ஊர்தியிலேயே கழிப்பர். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, ஒளிப்படம் எடுத்து, மீண்டும் ஏறுவதே நாள்முழுதும் நிகழும். மாலையில் அவர்களைக் கேட்டால் எந்தத் தூண் எந்த இடத்தில் இருந்தது என்று கூற இயலாது. பார்த்தவை பத்தாயினும் மனத்தில் பதிந்தது ஒன்றுமில்லை என்னும் நிலை ஏற்படும்.

ஆகவே வழிகாட்டியின் திறம், எதைக் காட்டுவது என்பதில் விளங்குவதைவிட எதை விடுப்பது என்பதில் நன்கு விளங்கும். விடுத்தவை சிறப்பற்றவை என்பது பொருளன்று; அவை மற்றொரு நாளுக்கு உரியவை என்பதே பொருள். கீழடிக்கு அரைநாள் தேவை. அதனைக் கால்மணி நேரத்தில் காட்டுவதைவிட, அதன் சிறப்பைச் சொல்லி அடுத்த வருகைக்கு ஒதுக்குவது நன்று. தொன்மை ஆராய்ச்சியில் ஈடுபாடுடையவர் வந்தால் கீழடியை முதன்மையாக்கி நகரின் பிற இடங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்த இடங்கள் உதிரிப் பூக்களாக இருத்தலாகாது. அவற்றைத் தொடுக்கும் நார் ஒன்று வேண்டும். மதுரையில் அந்த நார் வீதிகளின் வடிவில் ஏற்கெனவே உள்ளது.

வீதிகள் சொல்லும் வரலாறு

மதுரை நகரைத் தாமரை மலராகவும், வீதிகளை அதன் இதழ்களாகவும், நடுவிடத்தை அம்மலரின் பொகுட்டாகவும் உருவகப்படுத்தும் பாடல் பரிபாடல் தொகுதியில் உள்ளது. இன்றும் கோவிலை நடுவாகக் கொண்டு சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் அமைந்துள்ளன. தொடர்வண்டி நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து டவுன்ஹால் சாலை வழியாகக் கிழக்கு நோக்கி நடந்தால் மேல மாசி வீதி, மேல ஆவணி மூல வீதி ஆகியவற்றைக் கடந்து மேலச் சித்திரை வீதியை அடையலாம். எதிரே மேலைக் கோபுரம் நிற்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடையில் மலரின் வெளியிதழிலிருந்து நடுப்பொகுட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த நடையை ஊர்தியில் கடந்துவிடாமல், இயன்றவர்களைக் காலை வேளையில் நடக்கச் செய்வது நல்ல தொடக்கமாகும். நடக்கும்போது வீதிகளின் பெயர்களே உரைக்குப் பொருளாகும்.

தெரிந்து தெளிவோம்

ஆடி வீதி – கோவில் மதிலுக்கு உட்புறம் அமைந்தது.
சித்திரை வீதி – கோவில் மதிலை ஒட்டி வெளியே அமைந்தது, ஊர்திகளுக்கு இசைவில்லாதது.
ஆவணி மூல வீதி – ஆவணி மூலத் திருவிழாவின் பெயரால் அமைந்தது.
மாசி வீதி – சித்திரைத் திருவிழாவில் இன்று தேர் வலம் வருவது.
வெளி வீதி – பழைய கோட்டையின் எல்லையை நினைவூட்டுவது.

வெளி வீதிகளுக்குத் தனி வரலாறு உண்டு. நகரைச் சூழ்ந்து ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. நகரம் நெருக்கடியால் திணறியபோது, 1840களில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தார். அவ்விடங்களில் புதிய வீதிகள் தோன்றின. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவற்றின் பெயர்கள் அப்பணியில் ஈடுபட்டவர்களைக் குறிப்பன என்பர். இன்று ஒரு வீதியைக் கடக்கும் விருந்தினர், முன்பு அகழியாக இருந்த இடத்தைக் கடக்கிறார். இதனைச் சொன்ன அளவில் சாதாரணத் தெருவும் காணத்தக்க இடமாகிவிடுகிறது.

பொழுதறிந்து வகுத்தல்

இடங்களைத் தேர்ந்தபின் அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். தொலைவை மட்டும் கருதி வரிசைப்படுத்துதல் போதாது. வெயில், கூட்டம், திறக்கும் நேரம், உண்ணும் நேரம் ஆகிய நான்கையும் கருத வேண்டும்.

கோவிலைக் காலையில் காண்பதற்குக் காரணங்கள் மூன்று. நண்பகலுக்குப் பின் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கும் என்பது ஒன்று. வெறுங்காலுடன் நடக்க வேண்டிய கல்தளங்கள் நண்பகலில் கொதிக்கும் என்பது மற்றொன்று. இளங்காலை ஒளியில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் தெளிவாகத் தெரியும் என்பது மூன்றாவது. கைப்பேசிகளைக் கோவிலுக்குள் கொண்டுசெல்ல இயலாது. காலணிகளையும் பைகளையும் ஒப்படைக்க வேண்டும். இவற்றுக்கான நேரத்தையும் கணக்கிட்டால் கோவிலுக்கு மூன்று மணி நேரமாவது தேவைப்படும்.

அம்மனை முதலில் வழிபட்டுப் பின்னர்ச் சுந்தரேசுவரரை வழிபடுவது இக்கோவிலின் மரபு. பொற்றாமரைக் குளத்தின் படிகளில் சிறிது நேரம் அமரச் செய்தல் வேண்டும். அங்கிருந்து தெற்குக் கோபுரத்தை நிமிர்ந்து காணலாம்; அதன் உயரம் ஏறத்தாழ 170 அடி. அமர்ந்து காணும் இந்தப் பத்து மணித்துளிகள் வீணாவதில்லை. அதுவரை கண்டவை மனத்தில் ஒழுங்குபெறுவது இத்தகைய இடைவேளைகளில்தான்.

கோவிலிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் திருமலை நாயக்கர் அரண்மனை உள்ளது. இது 1636ஆம் ஆண்டு கட்டப்பட்டது. செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்ட பெருந்தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவுகளும் இதன் சிறப்பு. இன்று எஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதியே. பிற்காலத்தில் ஆங்கிலேய ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுதுபார்க்கப்பட்டு, நெடுங்காலம் நீதிமன்றமாகவும் பயன்பட்டது. மன்னர் முறைகேட்ட இடத்திலேயே மக்களின் வழக்குகளும் நடந்தன என்பது விருந்தினர் நினைவில் நிற்கத்தக்க செய்தியாகும்.

நண்பகல் ஓய்வுக்குரியது. வெயிலில் அலைவது விருந்தினரின் ஆர்வத்தைப் பிற்பகலுக்கு முன்பே தீர்த்துவிடும். உணவுக்கும் ஓய்வுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குவதே அறிவுடைமை.

ஓர் ஆடையின் தொடக்கமும் முடிவும்

காலை நடையில் கடந்த மேல மாசி வீதியில் ஒரு வீடு உள்ளது. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், அங்குத் தங்கியிருந்த காந்தியடிகள் தம் வழக்கமான உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழை மக்கள் முழு உடை உடுத்த வழியின்றி இருப்பதைக் கண்டு எடுத்த முடிவு அது. உலகம் அறிந்த காந்தியின் தோற்றம் மதுரையில் உருவானது.

பிற்பகலில் விருந்தினரை வைகைக்கு வடக்கே உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் அமைந்துள்ள இந்நிலையத்தை 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அன்றைய தலைமையமைச்சர் நேரு திறந்துவைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடை இங்குப் பாதுகாக்கப்படுகிறது.

இவ்விரண்டு இடங்களையும் தனித்தனியே காட்டினால் ஒன்று ஒரு வீடு. மற்றொன்று ஓர் அருங்காட்சியகம். இரண்டையும் இணைத்துக் காட்டினால் அவை ஒரு மனிதரின் வாழ்க்கையாகின்றன. காலையில் அரையாடை மேற்கொண்ட இடத்தைக் கண்டவர், மாலைக்குள் அவ்வாழ்க்கையின் முடிவுக்குச் சான்றான ஆடையின் முன் நிற்கிறார். 1921க்கும் 1948க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை விளக்க அங்கே நீண்ட உரை தேவையில்லை. வழிகாட்டி சற்றே அமைதியாக இருந்தால் போதும். பேச வேண்டிய இடத்தை அறிவதுபோல் பேசாதிருக்க வேண்டிய இடத்தையும் அறிதல் இத்தொழிலின் முதிர்ச்சி.

பள்ளம் குளமானது

மாலை வேளைக்கு உகந்த இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் காலத்தில் 1645ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இக்குளம் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுடையது. நடுவில் மைய மண்டபம் உள்ளது. தைப்பூச நாளில் இங்குத் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது. அரண்மனை கட்டுவதற்கான செங்கற்களுக்கு மண் எடுத்த பள்ளமே பின்னர்க் குளமாக்கப்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. காலையில் கண்ட அரண்மனையும் மாலையில் காணும் குளமும் இவ்வாறு ஒன்றோடொன்று இணைகின்றன.

நெடுங்காலம் நீரின்றிக் கிடந்து சிறுவரின் விளையாட்டுத் திடலாக விளங்கிய இக்குளம், அண்மைக் காலத்தில் வைகை நீரால் நிரப்பப்பட்டது. அதே நாளில் வைகைப் பாலத்தைக் கடக்கும் விருந்தினர், ஆண்டின் பல மாதங்களில், மணலையும் புதரையுமே ஆற்றில் காண்பர். இலக்கியம் போற்றிய வைகை இதுவா என அவர்கள் கேட்கக்கூடும். இக்கேள்வியைத் தவிர்த்துப் பேச்சை மாற்றுவது எளிது. நீர் குறைந்ததையும் கழிவுநீர் கலப்பதையும் மறைக்காமல் சொல்லி, வற்றிய குளம் ஒன்று மீண்டும் நிறைந்ததையும் உடன் சொல்வதே நேர்மை. இடரை மறைக்காத மலைபடுகடாத்தின் நெறி இங்கும் பொருந்தும்.

கதையும் வரலாறும்

வழிகாட்டியின் சொல்லில் சுவை வேண்டும். சுவைக்காக உண்மை கெடுதல் கூடாது. கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. 'ஆயிரங்கால்' என்பது வழக்கில் நிலைத்த பெயர். இதனை விளக்கினால் விருந்தினர் ஏமாற்றம் அடைவதில்லை. எண்ணிப் பார்க்கவே விழைகின்றனர்.

அரண்மனைக்கும் கோவிலுக்கும் இடையே சுரங்கவழி இருந்ததாக மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. அதனைச் சொல்லலாம், கதை என்றே சொல்ல வேண்டும். பொற்றாமரைக் குளத்தில் சங்கப் பலகை மிதந்து நூல்களின் தகுதியை ஆராய்ந்தது என்பது தொன்மம். 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார் என்பது வரலாறு. தொன்மத்துக்குத் தொன்மமாகவும் வரலாற்றுக்கு வரலாறாகவும் இடம் தந்தால் இரண்டும் சிறக்கும். ஒன்றை மற்றொன்றாகக் காட்டினால், உண்மை தெரிந்த நாளில் விருந்தினர் இரண்டையும் ஐயுறுவர்.

விடை தெரியாத கேள்வி எழும்போது, தெரியாது என்று கூறுவது இழுக்கன்று. கேட்டறிந்து சொல்வதாகக் கூறி, அவ்வாறே செய்பவரை விருந்தினர் மேலும் நம்புவர்.

வாழும் நகரம்

நகரம் என்பது கட்டடங்களின் தொகுதி மட்டுமன்று. மதுரையின் பழைய வீதிகளில் மக்கள் வாழ்கின்றனர், தொழில் செய்கின்றனர். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகள் நிறைந்துள்ளன. கிழக்கு வெளி வீதியில் தூய மரியன்னை பேராலயம் உள்ளது. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா உள்ளது. பல சமயத்தாரும் நெடுங்காலமாகப் பகிர்ந்து வாழும் நகரம் இது என்பதைத் தனியே உரையாற்றி விளக்க வேண்டியதில்லை. வழியில் இவற்றைக் காட்டிச் சென்றாலே புலப்படும்.

துணியில் சிறு சிறு முடிச்சுகள் இட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளிகளை உருவாக்கும் சுங்குடிச் சேலை, சௌராட்டிர மக்களின் கைத்திறனால் மதுரைக்குப் பெயர் தேடித்தந்தது. புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் சுங்குடியும் மதுரை மல்லியும் அடங்கும். விருந்தினர் இவற்றை வாங்க விரும்பினால் உதவுவது வழிகாட்டியின் கடமை. தமக்குத் தரகு தரும் கடைக்கே அவர்களை அழைத்துச் சென்று, காட்ட வேண்டிய இடத்தின் நேரத்தைக் குறைப்பது நம்பிக்கைக் கேடு. ஒரு நாள் மட்டுமே உடையவரிடமிருந்து ஒரு மணி நேரத்தைப் பறிப்பது பெரிய இழப்பாகும்.

நகரில் வாழ்வோர் காட்சிப் பொருள்கள் அல்லர். பூத்தொடுக்கும் பெண்ணையோ வழிபடும் முதியவரையோ இசைவின்றி ஒளிப்படம் எடுக்கலாகாது என்பதை வழிகாட்டி பண்புடன் எடுத்துரைக்க வேண்டும். குறுகிய தெருவில் குழுவாக நின்று வழிமறிக்காமல் ஓரமாக நிறுத்திப் பேசுவதும், ஓசை குறைத்துப் பேசுவதும் அந்தத் தெருவினருக்குச் செய்யும் மரியாதை.

இரவு கவிந்தபின் மதுரை மற்றொரு முகம் காட்டும். தூங்கா நகரம் என்னும் பெயருக்கேற்ப உணவுக்கடைகளில் ஆவி பறக்கும் இட்டலியும், பருத்திப்பாலும், பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சாறும் சேர்ந்த ஜிகர்தண்டாவும் விருந்தினரை அழைக்கும். மாங்குடி மருதனார் பாடிய அல்லங்காடியின் தொடர்ச்சியை இங்கே காணலாம். நிகழ்ச்சி நிரலில் இறுதி ஒரு மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விடுவது நன்று. விருந்தினர் தாமே நடந்து, தாமே கண்டு, தாமே தேர்ந்து உண்ணும் நேரம் அது. வழிகாட்டி கண்ணெட்டும் தொலைவில் இருந்தால் போதும்.

எதிர்பாராதவற்றை எதிர்பார்த்தல்

நன்கு வகுத்த நாளும் எதிர்பாராத இடையூறுகளைச் சந்திக்கும். திருவிழாக் காலங்களில் வீதிகள் மக்கள் வெள்ளமாகும். திடீர் மழை பெய்யலாம். குழுவில் ஒருவர் வழிதவறலாம். ஒருவருக்கு உடல்நலம் குன்றலாம். குடிநீர், முதலுதவிப் பொருள்கள், கழிப்பறைகள் இருக்கும் இடங்கள் பற்றிய குறிப்பு, அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை வழிகாட்டியிடம் இருத்தல் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் புறப்படும்முன் ஆள்களை எண்ணுதலும், பிரிந்தவர் வந்து சேர வேண்டிய இடத்தை முன்னரே கூறிவைத்தலும் இன்றியமையாதன. நேரம் தவறினால் எந்த இடத்தைக் கைவிடுவது என்பதையும் காலையிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். கடைசி இடத்தை ஓட்டமாகக் காட்டுவதைவிட அதனை விடுத்து அமைதியாக விடைபெறுவது மேலானது.

அனைவருக்கும் உரிய கலை

வழிகாட்டுதல் இன்று கற்பிக்கப்படும் தொழில். சுற்றுலாத் துறைகள் பயிற்சியளித்து வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகின்றன. வரலாறு, மொழிகள், பேச்சுத்திறன், முதலுதவி ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றோருக்கு இத்துறையில் வாய்ப்புகள் உள்ளன. ஆண்டுதோறும் செப்டம்பர் 27ஆம் நாள் உலகச் சுற்றுலா நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தொழிலாக மேற்கொள்ளாதவரும் வாழ்வில் என்றேனும் ஒரு நாள் வழிகாட்டியாகின்றனர். வெளியூர் உறவினரோ, நண்பரோ, பிற மாநில மாணவரோ வந்து, 'ஊரைச் சுற்றிக் காட்டு' என்று கேட்கும் நாள் எல்லோருக்கும் வரும். அன்று சொந்த ஊரை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பது நமக்கே தெரிந்துவிடும். தினமும் நடக்கும் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது, ஊர்க் குளத்தை வெட்டியவர் யார், மூத்தோர் சொல்லும் கதையில் வரலாறு எவ்வளவு என்பனவற்றைத் தேடத் தொடங்குவதற்கு விருந்தினரின் வருகை ஒரு காரணமாகிறது.

ஒரு மாநகரை ஒரு நாளில் முழுமையாகக் காட்ட எவராலும் இயலாது. அதன் ஒரு வீதியை உண்மையுடனும் அன்புடனும் காட்ட ஒரு நாள் போதும். அவ்வாறு கண்டவர், காணாத வீதிகளை எண்ணிக்கொண்டே ஊர் திரும்புவார், மீண்டும் வருவார்.